பந்துக்கு முந்து

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கூடைப்பந்துப் பயிற்சி தொடங்கி அரை மணி நேரத்துக்குள் எங்கள் நெட்டைக்காரியின் ஊதா டி-ஷர்ட்டில் ஆறு வெள்ளை வட்டங்கள் விழுந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஆமவடை அளவு. கோலமாவு. "அம்மா திட்டுவார் அக்கா" என்று தட்டிக்கொண்டே நின்றாள். எதிரே நின்று பந்து போட்ட இரட்டைச்சடைக்காரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் சரியாகத்தான் போட்டேன். இவள்தான் பிடிக்கவில்லை."

இந்தச் சொல்லை முப்பது வருடங்களாகக் கேட்கிறேன். அதற்கு முன்னால் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்கு: மற்ற நாட்களில் வங்கியில் காசாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் எட்டு வரை, மதுரை நரிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளியின் சிமெண்ட் தரையில் பன்னிரண்டு, பதின்மூன்று பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. சித்திரைத் திருவிழா நெருங்கினால் பாதிப் பேர் வரமாட்டார்கள், அப்போது நானும் போகமாட்டேன். இரண்டு ரிங்கில் ஒன்று மூக்குடைந்ததுபோல முன்பக்கம் சாய்ந்திருக்கும். வேப்பம்பழக் காலத்தில் முதல் கால் மணி நேரம் பெருக்குவதிலேயே போய்விடும்.

கோலமாவு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரமாக பவுன்ஸ் பாஸ், அதாவது தரையில் ஒரு முறை பட்டுப் போகும் பாஸ், நடக்கிறது. எதிரெதிரே இருவரை நிறுத்தி, நடுவே குதிகாலும் விரலும் ஒட்ட அடி மேல் அடி வைத்து அளப்பேன். 15 அடி வந்தால், பந்து போடுகிறவளிடமிருந்து 10-வது அடியில் ஒரு சின்ன வட்டம். மூன்றில் இரண்டு பங்கு தூரம் என்று வாயால் சொன்னால் கணக்கு டீச்சரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறார்கள். வட்டம் போட்டு உள்ளே மாவை நிரப்பிவிட்டால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. அந்த இடத்துக்கு முன்னாலேயே, தன் காலடியில் குத்திவிட்டால், பந்து சோம்பலாக எழும்பி, நடுவே நிற்கும் எதிராளிக்குப் பிரசாதம் போலக் கைக்கு வரும். தாண்டிப் போய்ப் பிடிக்கிறவளின் காலருகே விழுந்தால் முழங்காலுக்குக் கீழே தெறிக்கும், அவள் மூட்டையைத் தூக்குவதுபோலக் குனிய வேண்டியிருக்கும். வட்டத்தில் விழுந்தால் இடுப்புக்கு வருகிறது. காலை ஆறு மணிக்கு ரப்பர் பந்து 'தொப்'பென்று விழும். வெயில் ஏற ஏற உள்ளே காற்று சூடாகி, எட்டு மணிக்கு அதே பந்து சற்று மேலே துள்ளும். அதையும் கை கற்றுக்கொள்ள வேண்டும்.

மாவின் உபயோகம் இன்னொன்று. பந்தில் ஒட்டிய மாவு, பிடிக்கிறவளின் உடம்பில் எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் போதும். உள்ளங்கை வெளுத்திருந்தால் அது பாஸ். சட்டை வெளுத்திருந்தால் அது அடி.

இரட்டைச்சடைக்காரி பொய் சொல்லவில்லை. ஆறு முறையும் பந்து வட்டத்தில்தான் பட்டது. ஆனால் கோபத்தோடு பட்டது. முதல் நாள் ஏதோ ஜியாமெட்ரி பாக்ஸ் தகராறாம். வட்டத்தில் விழுந்து, சீறிக்கொண்டு நெஞ்சுக்கு வந்தால் யார் பிடிப்பது?

என் அப்பா கொத்தனார். எண்பதுகளின் கடைசியில் விளாங்குடிப் பக்கம் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தன, வேலைக்குக் குறைவில்லை. கோடை விடுமுறையில் அம்மாவும் சித்தாளாகப் போவார், என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மணல் குவியல் என் இடம். முதல் மாடிச் சுவர் எழும்பும்போது கீழே ஒருவர் நின்று செங்கல்லை மேலே எறிவார், சாரத்தில் நிற்பவர் வாங்கி அடுக்குவார். ஒரு செங்கல் இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். (நாங்கள் ஆடும் ஆறாம் எண் பந்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.) எறிகிறவர் மேலே இருப்பவரின் கை விரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். செங்கல் ஏறும். ஏற ஏற வேகம் குறையும். சாரத்துப் பலகைக்குச் சற்று மேலே, கண்ணிமைக்கும் நேரம், அந்தரத்தில் நிற்கும். மேலே இருப்பவர் அந்த நேரத்தில், காம்பிலிருந்து பூவை எடுப்பதுபோல அதை எடுத்துக்கொள்வார். வேகம் கூடினால் தலைக்கு மேலே போய்விடும். குறைந்தால் அவர் குனிய வேண்டும். சாரத்தில் குனிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் வாங்குகிற விதத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன். கையைக் கல்லாக நீட்டி வைத்திருக்கமாட்டார். செங்கல் தொட்டதும் கை அதனோடு கூடவே கொஞ்சம் பின்னால் போகும். சத்தமே வராது.

"போய்ச் சேர்ந்தால்தான் எறிந்ததாகக் கணக்கு, ஆத்தா. கீழே விழுந்து உடைந்தால் எறிந்தவன் கூலியில் பிடித்துவிடுவேன்" என்பார் அப்பா. அப்படி யார் கூலியிலும் பிடித்து நான் பார்த்ததில்லை. பேச்சு அப்படி.

ஏழாம் வகுப்பில் பந்து கைக்கு வந்தபோது எனக்கு இந்தப் பாடம் மட்டும்தான் தெரியும். அது கொஞ்ச நஞ்சமல்ல. மற்றப் பிள்ளைகள் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி ரிங்கைப் பார்த்து வீசிக்கொண்டிருக்க, நான் யாருடைய கை விரிந்திருக்கிறது என்று பார்ப்பேன். எங்கள் பி.டி. டீச்சர் இரண்டே வாரத்தில் என்னை அணியில் சேர்த்துக்கொண்டார்.

அப்பாவின் பாடம் பாதிதான் என்று தெரிந்தது 1995-இல். பதினோராம் வகுப்பு. பள்ளிகளுக்கு இடையிலான போட்டி, அரையிறுதி, ரேஸ்கோர்ஸ் மைதானம். கடைசி நிமிடம், இரண்டு பக்கமும் சம புள்ளி, பந்து என் கையில். வலது ஓரத்தில் எங்கள் பெண் ஒருத்தி தனியாக நின்றுகொண்டிருந்தாள். கை விரிந்திருந்தது. நான் போட்டது என் வாழ்நாளிலேயே அழகான செஸ்ட் பாஸ் (நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் நேராகத் தள்ளுவது); நெஞ்சு உயரம், சுழற்சி, வேகம், எல்லாம் அளந்து வைத்ததுபோல. அவளும் அசையாமல், மேடையில் மாலைக்குக் காத்திருக்கிற மாப்பிள்ளைபோல நின்றாள். எங்கிருந்தோ எதிரணிக் குட்டைப்பெண் ஒருத்தி இருவருக்கும் நடுவே ஒரே எட்டு வைத்தாள். பந்தோடு அவள் போய் லேஅப் (ரிங்குக்கு அருகே எம்பிப் போடும் கூடை) போட்டதை நான் முதுகுப் பக்கத்திலிருந்துதான் பார்த்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் சொன்னதும் அதுதான்: "நான் சரியாகத்தான் போட்டேன்." அவள் சொன்னாள்: "என் கைக்கு வரவில்லையே." இரண்டும் உண்மை. கோரிப்பாளையம் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சாரத்துக்கும் கீழே நிற்பவருக்கும் நடுவில் செங்கல்லைத் திருட யாரும் நிற்பதில்லை. அப்பாவின் கணக்கில் இல்லாத ஆள் அந்தக் குட்டைப்பெண்.

மறுநாள் டீச்சர் திட்டவில்லை. எங்களை எதிரெதிரே நிறுத்தி, பிடிக்கிறவளுக்கு முன்னால் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார். பந்து வரும்போது அந்தக் கோட்டைத் தாண்டி வந்து பிடித்தால்தான் கணக்கு. நின்ற இடத்தில் பிடித்தால் மைதானத்தை ஒரு சுற்று. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று பழமொழி இருக்கிறதல்லவா? டீச்சர் அதைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டார். "பந்திக்கு முந்தினாலும் முந்தாவிட்டாலும் பந்துக்கு முந்து!" காலை முழுக்க அதே குரல். இன்று நான் அதே சொற்களைக் கத்துகிறேன். மைதானச் சுவருக்கு அப்பால் டீக்கடையில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ.

ஒரே எட்டுதான். அந்த ஒரு எட்டு பிடிக்கிறவளுக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மூடிவிடுகிறது. போடுகிறவளுக்கும் இதில் வேலை உண்டு. எதிராளி பிடிக்கிறவளின் இடது தோளில் ஒட்டிக்கொண்டிருந்தால், பந்து வலது கைக்குப் போக வேண்டும். நெஞ்சுக்கு நேராக அல்ல. ஓடுகிறவளுக்கு என்றால் அவள் இருக்கும் இடத்துக்குப் போடக்கூடாது, அடுத்த எட்டு விழும் இடத்துக்கு முன்னால் போட வேண்டும். பின்னால் போட்டால் அவள் நின்று, திரும்பி, எடுத்து, மறுபடி ஓட வேண்டும். அதற்குள் கதவு மூடிவிடும்.

இதற்கிடையில் என் இடது மோதிரவிரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் வாராவாரம் கேட்பதால். அது முழுதாக மடங்காது. பணம் எண்ணும்போது கொம்புபோல நீட்டிக்கொண்டு நிற்கும். வாடிக்கையாளர்கள் சிலர் மோதிரத்தைக் காட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள். நான் அந்த விரலில் மோதிரமே போடுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில், வருகிற பந்தை நோக்கி விரல்களை ஈட்டிபோல நீட்டிப் பிடிக்கப் போனேன். பந்து விரல் நுனியில் மோதியது. ஊரில் ஒரு பெரியவர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவித் துணியால் கட்டுப் போட்டார். விரல் பிழைத்தது, வளைவு போகவில்லை. நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும், இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்குத் தரையைப் பார்க்க வேண்டும். எந்தப் பந்துக்கும் விரல் பந்தைப் பார்க்கக்கூடாது. இதைச் சொல்லிவிட்டு விரலைக் காட்டுவேன். வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

செஸ்ட் பாஸ் எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் முழங்கையைக் கோழி இறக்கைபோல விரித்துக்கொண்டு தள்ளுகிறார்கள். பந்தின் இரண்டு பக்கமும் விரல்கள், பின்னால் கட்டைவிரல்கள், முழங்கை உடம்போடு. ஒரு கால் முன்னால் போக, இரண்டு கையும் சேர்ந்து நீள வேண்டும். பந்து போனபின் கை எப்படி நிற்கிறது என்று பார்ப்பேன். பழைய வீட்டு ஜன்னலின் இரண்டு மரக்கதவுகளையும் வெளியே தள்ளித் திறந்தால் கை எப்படி இருக்குமோ அப்படி: உள்ளங்கைகள் வெளிப்பக்கம், கட்டைவிரல்கள் தரையைப் பார்த்து. அப்படி முடிந்திருந்தால் பந்து தன்னைத்தானே பின்னோக்கிச் சுற்றிக்கொண்டு நேராகப் போயிருக்கும். அசிங்கமாக முடிந்திருந்தால் பந்து போன பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

இதில் அப்பாவின் வளைவுக்கு இடமில்லை. மேலே எழும்பி இறங்கும் செஸ்ட் பாஸ் எதிராளிக்கு யோசிக்க நேரம் கொடுக்கும். கயிறு கட்டியதுபோலத் தட்டையாகப் போக வேண்டும். ஆனால் ரிங்குக்கு அருகே நிற்கும் நெட்டைக்காரிக்கு, முன்னால் ஒருத்தி கையை விரித்து மறைக்கும்போது போடுகிற உயரப் பாஸ் இருக்கிறதே, அது அப்படியே செங்கல்தான். எதிராளியின் விரல் நுனிக்கு மேலே போய், நெட்டைக்காரியின் கை எட்டும் உயரத்தில் தளர வேண்டும். அதைப் போடும்போது எனக்கு இன்றும் மணல் வாசனை வருகிறது.

பிள்ளைகளிடம் கைபேசி இருக்கிறது, அதில் காட்சிகள் இருக்கின்றன. ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபக்கம் போடுவது, முதுகுக்குப் பின்னால் போடுவது. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.யில் ஆடும் யோகிச்சின் பாஸ்களை ஒருத்தி எனக்குக் காட்டினாள். ஏழடிக்குக் கொஞ்சமே குறைவான ஆள், தலைக்கு மேல் ஒரு கையால் தண்ணீர் ஊற்றுவதுபோலப் போடுகிறார்; எனக்கும் வாய் பிளந்துதான் போயிற்று. ஆனால் என்.பி.ஏ.யில் யாரும் நெருங்காத கணக்கு ஜான் ஸ்டாக்டனுடையது: 19 பருவங்கள், ஒரே அணி, 15,806 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்). அவருடைய பழைய ஆட்டங்களைப் பாருங்கள். பெரும்பாலானவை என் பிள்ளைகள் கைபேசியில் தள்ளிவிட்டுப் போகிற மாதிரியானவை: ஒரு எட்டு, ஒரு பவுன்ஸ் பாஸ், முடிந்தது.

பார்வை முக்கியம்தான், ஆனால் கழுத்தைத் திருப்பி வித்தை காட்டுவது அல்ல. நகரப் பேருந்து நடத்துநரைப் பாருங்கள். கண் முன்வாசலில் இருக்கும், விரலிடுக்கில் நோட்டுகள், கை பின்னால் நிற்பவருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருக்கும். முன்பே ஒரு முறை எல்லோரையும் பார்த்து வைத்திருக்கிறார், அதனால்தான் முடிகிறது. பந்து கைக்கு வந்த பிறகு தேடத் தொடங்குகிறவள் கண்ணாலேயே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடுவாள். அவள் பார்க்கிற திசையில் எதிராளி முதலில் போய் நிற்பாள். மேலே போடுவதுபோல் ஏய்த்துக் கீழே போடு, கீழே ஏய்த்து மேலே போடு. எதிராளியின் கை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்காது. இதற்காகத்தான் சின்னப் பிள்ளைகளை இரண்டு கையாலும் போடச் சொல்கிறேன். இரண்டு கையில் இருக்கும் பந்தைக் கடைசி நொடியில் இழுத்துக்கொள்ளலாம். எம்பிவிட்டால் இழுக்க முடியாது. பந்தோடு எம்பியவள் கீழே இறங்குவதற்குள் யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டிராவலிங், அதாவது பந்தோடு நடந்த தவறு. கடன்காரன் வாசலில் நிற்கும்போது நகையை விற்பதுபோலத்தான் அந்தப் பாஸ் போகும்.

பயிற்சியின் இரண்டாவது மணி நேரத்தில் டிரிபிள், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவது, கிடையாது. தரையில் ஒரு தட்டு தட்டினாலும் பந்து எதிரணிக்கு. பிள்ளைகளுக்கு இது தண்டனை மாதிரி இருக்கிறது. ஒரு அப்பா என்னிடம் வந்து, "என் மகளை ஓடவே விடமாட்டீர்களா மேடம்?" என்று கேட்டார். விளையாட்டே அப்படித்தான் பிறந்தது என்று சொன்னேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் ஒன்று, பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது. தட்டிக்கொண்டு போவது பின்னால் வந்து சேர்ந்தது. அங்கே படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். எங்கள் டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தக் கல்லூரியில் படித்தவராம். அந்த வழியாகத்தான் நரிமேடு வரை வந்திருக்கிறது என்று கொஞ்சம் நீட்டி முழக்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்று பேர் ஓடிக்கொண்டே பாஸ் மாற்றும் பயிற்சியில் மட்டும் எனக்குக் கர்வம் உண்டு. யார் எங்கே ஓடுவது என்று வழக்கமாக ஒரு மாதம் குழம்புவார்கள். நான் இரட்டைச்சடைக்காரியைக் கூப்பிட்டு ஒரு சடையை அவிழ்த்தேன். மூன்று கால் பிரித்து மெதுவாகப் பின்னினேன். ஓரத்துக் கால் நடுவே வருகிறது, நடுவே இருந்தது ஓரத்துக்குப் போகிறது, பிறகு அடுத்த ஓரம் நடுவே. "யாருக்குக் கொடுத்தாயோ அவள் முதுகுக்குப் பின்னால் ஓடு, தாயி. நீதான் இந்தக் கால்." தேங்காயெண்ணெய்க் கையோடு பந்தைத் தொட்டது என் தப்பு. ஆனால் மூன்றாவது சுற்றிலேயே பின்னல் விழுந்துவிட்டது.

கடைசியாக என் நோட்டு. ஆட்டங்களில் நிரப்பும் அதிகாரப்பூர்வமான ஸ்கோர் ஷீட்டில் புள்ளிக்கு இடம் உண்டு, ஃபவுலுக்கு இடம் உண்டு. பாஸ் கொடுத்தவளுக்கு இடம் கிடையாது. பல வருடம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஆடினேன். என் பெயருக்கு எதிரே புள்ளிகள் சொற்பம், மற்றது எதுவும் எங்கும் எழுதியில்லை. வரவு வைக்காத பணம் எனக்கு ஆகாது. அதனால் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டில் 'கொடுத்தவர்' என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன். பந்து வாங்கியவள் உடனே கூடையில் போட்டால், கொடுத்தவளுக்கு ஒரு கோடு.

போன ஞாயிறு எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, இரட்டைச்சடைக்காரி ஓரக்கோட்டருகே மாட்டிக்கொண்டாள். இருவர் நெருக்கினார்கள். ஊன்றிய காலை எடுக்காமல் சுழன்றாள். பந்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். இரண்டு ஜோடிக் கைகளும் மேலே போயின. கீழே, ஒருத்தியின் முழங்காலை ஒட்டி, பந்து தரையில் ஒரு முறை பட்டு உள்ளே போயிற்று. நெட்டைக்காரி நிற்கவில்லை. ஒரு எட்டு வைத்து வந்து வாங்கினாள். சத்தமே இல்லை. திரும்பினாள், போட்டாள். பந்து சாய்ந்த ரிங்கில் இரண்டு முறை சுற்றி வெளியே வந்து விழுந்தது.

விசில் ஊதியதும் இருவரும் வந்து நோட்டை எட்டிப் பார்த்தார்கள். "எனக்கு ஒரு கோடு உண்டுதானே அக்கா?" என்றாள் சடைக்காரி. கூடை விழவில்லை, விழுந்தால்தான் கோடு என்றேன்.

"தவறவிட்டது நான்தானே அக்கா. அவள் சரியாகத்தான் போட்டாள்" என்றாள் நெட்டைக்காரி. "என் கணக்கில் ஒன்று கழித்துக்கொண்டு அவளுக்குப் போட்டுவிடுங்கள்."

ஒருவர் கணக்கிலிருந்து எடுத்து இன்னொருவர் கணக்கில் வைப்பதற்கு வங்கியில் மூன்று கையெழுத்து வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு, பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.